மூன்றாம் ஜன்னலின் கைராசி

ஆள் குட்டை, பேர் நெட்டு. கிடங்கில் இருக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து வைக்கிற நெட்வொர்க் வேலை அவனுடையது என்பதால், லாரி ஓட்டுநர் ஒருவர் விளையாட்டாகக் கூப்பிட ஆரம்பித்த பெயர் அது. கூப்பிட்டவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. பெயர் போகவில்லை. கட்டிய மனைவியே கோபம் வந்தால் "என்ன நெட்டு சார்" என்றுதான் தொடங்குவாள்.

சுவரைக் குடைந்து ஒயர் இழுக்கும் வேலையில் தொடங்கி, மாலை வகுப்பில் கொட்டாவி விட்டுக்கொண்டே படித்து, இந்த இடத்துக்கு வந்தவன். கை சுத்தம், வேலை சுத்தம். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒரு கேலி தோன்றிவிட்டால் அதைச் சொல்லாமல் விழுங்க அவனால் ஆகாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆனால் இந்தக் கதையில் நுணல் கத்தியதற்குப் பாம்பு போய்ப் பிடித்தது வேறொருவரை. அதுதான் அவனை இன்றைக்கும் அரிக்கிறது.

கிடங்கின் முன்கட்டில் மூன்று ஜன்னல்கள். சரக்கு ஏற்றிய லாரி வெளியே போக வேண்டுமானால் ஓட்டுநர் ஏதாவது ஒரு ஜன்னலில் நின்று கேட் சீட்டு வாங்க வேண்டும். ஜன்னலில் இருப்பவர் விவரத்தைத் தட்டிப் பொத்தானை அமுக்கினால், தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய பிரிண்டரில் சீட்டு அடிக்கும். தடுப்பில் ஒரு சந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டு அதன் வழியே வந்து விழும். சந்து இருப்பது முதல் ஜன்னல் பக்கம். மூன்றாவதில் உட்கார்ந்திருப்பவருக்குச் சீட்டு வந்ததா இல்லையா என்று எழுந்து போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த மூன்றாவதில் இருந்தவளைத்தான் எல்லோரும் ஜன்னல் அக்கா என்பார்கள். அதற்கு முன்னால் அவள் எண்ணிக்கைக் கொட்டகையில் நின்று பெட்டி எண்ணியவள். காலையில் நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம்தான் உட்கார்வது. முழங்கால் இரண்டும் அங்கேயே தேய்ந்து போயின. மகள் வயதுப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கேட்க வேண்டியவர்களையெல்லாம் கேட்டு, கடைசியில் ஒரு நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே வீட்டிலிருந்து ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்து அதில் போட்டாள். அந்த நாற்காலி அவளுக்குப் பதவி இல்லை. முழங்காலுக்குக் கிடைத்த மருந்து.

இன்னொன்று. 'வீட்டுக்குப் போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகவும்' என்று நிர்வாகம் சுவரில் ஒட்டியிருந்தது. முதல் ஜன்னல்காரரும் இரண்டாம் ஜன்னல்காரரும் அதைப் படித்ததோடு சரி. அணைத்தால் காலையில் அது கண் விழிப்பதற்குள் லாரிக்காரர்கள் கத்துவார்கள் என்று ஓடவிட்டே போவார்கள். அக்கா ஒருத்திதான் ஒழுங்காக அணைத்து, ஒரு பூப்போட்ட துணியைப் போட்டு மூடிவிட்டுப் போவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கவிழ்த்தது இந்த ஒழுங்குதான்.

நெட்டுவின் தப்பு எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் ஒவ்வொரு மெஷினுக்கும் நான்கு எண்கள் சேர்ந்த ஒரு முகவரி உண்டு. கூடவே சப்நெட் மாஸ்க் என்று இன்னொரு எண் வரிசை. 'உன் தெரு இதோடு முடிகிறது' என்று மெஷினுக்குச் சொல்வது அந்த மாஸ்க்தான். தன் தெருவில் இருப்பவரோடு மெஷின் நேராகப் பேசும். தெருவுக்கு வெளியே என்றால் முனையில் நிற்கும் காவல்காரனிடம் கொடுத்தனுப்பும். கிடங்கில் ஆதியிலிருந்து இருந்த மாஸ்க் 255.255.255.0. அந்தத் தெருவில் இருநூற்று ஐம்பத்து நான்கு வீடுகளுக்குத்தான் இடம். புதிதாகக் கேமராக்கள் வந்தன, ஆளுக்கொரு கை ஸ்கேனர் வந்தது, தெரு நிரம்பிவிட்டது. காலையில் வரும் மெஷின்களுக்கு முகவரி கிடைக்காமல் திண்டாட்டம்.

நெட்டு ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். மூன்றாவது எண்ணை 255-லிருந்து 254 ஆக்கினால் போதும். ஒன்றைக் குறைத்தால் தெரு இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கின் அழகே அதுதான். 192.168.10 என்று தொடங்கும் பழைய தெருவும், 192.168.11 என்று தொடங்கும் பக்கத்துத் தெருவும் ஒரே தெருவாகிவிடும். ஐநூற்றுப் பத்து வீடுகள். "பத்தோடு பதினொண்ணுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க!" என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டான். வேலை முடிந்த அன்று வீட்டுக்கு ஐஸ்கிரீம் வேறு வாங்கிப் போனான்.

கம்ப்யூட்டர்களுக்கும் ஸ்கேனர்களுக்கும் முகவரியையும் மாஸ்க்கையும் கொடுப்பது ஒரு சர்வர். அதில் ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாவற்றுக்கும் போய்விடும். கையால் எழுதி வைத்தவை மட்டும் தனி: கேமராக்கள், எடைமேடை, வருகைப் பதிவு மெஷின். அவற்றுக்கெல்லாம் நெட்டு ஏணி போட்டு ஏறி, முதுகு வலிக்க வலிக்க மாற்றினான். மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்று: தடுப்புக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டர். அது கெட்டதே இல்லை. தொந்தரவு கொடுக்காதவரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

அதனால் பிரிண்டருக்கு மட்டும் தெரு பழைய இடத்திலேயே முடிந்தது. பத்தாம் தெருவிலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லும். பதினோராம் தெருவிலிருந்து கூப்பிட்டால் காதில் விழும். ஆனால் 'இவர் நம் தெரு இல்லையே, காவல்காரனிடம் கொடு' என்று நினைக்கும். அதற்குக் காவல்காரன் யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை, தேவைப்பட்டதே இல்லை. பதில் அங்கேயே செத்துப்போகும். சீட்டும் வராது.

அணைக்காத இரண்டு ஜன்னல்களும் தங்கள் பழைய முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. அக்காவின் மெஷின் மாலையில் தூங்கிவிடும். இரவு வேலைக்காரர்களின் ஸ்கேனர்கள் வந்து அதன் முகவரியை எடுத்துக்கொள்ளும். காலையில் எழுந்தால் மிஞ்சியிருப்பது எதுவோ அது. சில நாள் பத்தாம் தெரு, சில நாள் பதினோராம் தெரு.

சில நாள் சீட்டு வரும், சில நாள் வராது. வராத நாளில் சாயங்காலம் வரை வராது. லாரிகள் வரிசை கட்டும், ஹாரன் அலறும். அக்கா எழுந்து முதல் ஜன்னலுக்குப் போய் நிற்பாள். அடுத்தவர் மெஷினில் மேனேஜரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது விதி. முதல் ஜன்னல்காரர்தான் முனகிக்கொண்டே தட்டிக் கொடுப்பார். உடனே சீட்டு வந்து விழும்.

நெட்டுவைக் கூப்பிட்டார்கள். கேபிளை மாற்றினான். மறுநாள் சரியாக வந்தது, கேபிள்தான் கோளாறு என்று முடிவு கட்டினான். இரண்டு நாள் கழித்து மறுபடி நின்றது. அன்றைக்கு மழை வேறு. ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள், யார்டு மேனேஜர் உள்ளே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நெட்டு அக்காவின் மெஷினைப் பார்த்தான். சரக்கு விவரம் காட்டும் திரை நன்றாகத் திறந்தது. தன் மெஷினிலிருந்து பிரிண்டருக்கு ஒரு தாள் அனுப்பினான், வந்தது. மெஷினும் நல்லது, பிரிண்டரும் நல்லது. அப்புறம் என்னதான்? அக்காவின் மெஷினிலிருந்து பிரிண்டர் பதில் சொல்கிறதா என்று ஒரு வரி தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். தட்டவில்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவனுக்கு வாய் அரித்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். பிரிண்டர்லயும் ஒண்ணும் இல்ல. அக்கா, காலைல யார் முகத்துல முழிச்சீங்க? கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல!"

கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அதை நெட்டு பார்த்தான். பார்த்தும் மறந்தான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஓட்டுநர்களுக்கோ நீண்ட தூரம் போகிற பிழைப்பு. கிளம்பும்போது எதுவும் தடங்கலாக இருக்கக் கூடாது. "மூணாவதுக்குப் போகாத, அந்தம்மா கை சரியில்ல" என்று ஒருவர் சொல்ல, அடுத்தவர் கேட்டுக்கொண்டார். சீட்டு ஒழுங்காக வரும் நாளிலும் மூன்றாம் ஜன்னல் காலியாகக் கிடந்தது, மற்ற இரண்டிலும் வரிசை வாசலைத் தாண்டியது. தாடிக்கார ஓட்டுநர் ஒருவர் அவள் நீட்டிய சீட்டை வாங்காமல், "முதல் ஜன்னல்ல வேற அடிச்சுத் தரச் சொல்லுங்கம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாராம். மரியாதையாகக் குத்தினாலும் குத்து குத்துதான்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. வரிசை நீண்டால் மேலிடத்தில் அவர் தலைதான் உருளும். "கொஞ்ச நாளைக்கு நீங்க பழையபடி கொட்டகைல இருங்கம்மா" என்றார். அக்கா வாதாடவில்லை. நாற்காலியிலிருந்து மெத்தையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

அக்காவின் இடத்துக்கு மறுநாள் வரப்போகும் புதுப் பெண்ணுக்காக மெஷினைத் தயார் செய்ய அன்று பிற்பகல் நெட்டு மூன்றாம் ஜன்னலில் உட்கார்ந்தான். பூப்போட்ட துணி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. சோதனைக்கு ஒரு தாள் அனுப்பினான். வரவில்லை. இன்னொரு முறை அனுப்பினான். வரவில்லை. இப்போது பொத்தானை அமுக்கியது அவன் கை.

முகவரியைப் பார்த்தான். 192.168.11 என்று தொடங்கியது. அந்தப் பதினொன்றைப் பார்த்ததுமே அவனுக்குப் பிரிண்டரின் ஞாபகம் வந்தது. எழுந்து தடுப்புக்குப் பின்னால் போய், பிரிண்டரின் சின்னத் திரையில் பொத்தான்களை அமுக்கி அமுக்கி உள்ளே போனான். 255.255.255.0. இத்தனை வாரமும் அக்காவின் நாற்காலிக்கு எட்டு அடி தள்ளி, ஒன்றும் தெரியாததுபோல அது அங்கே உட்கார்ந்திருந்தது.

மாற்றினான். 255, 254 ஆனது. பிரிண்டர் தன்னைத்தானே ஒரு முறை அணைத்துக்கொண்டு எழுந்தது. எழுந்ததும் யாரும் கேட்காமலே அடிக்க ஆரம்பித்தது. முதலில் வந்தது அவன் சோதனைத் தாள் இல்லை. காலையில் அக்கா அனுப்பி, வழி தெரியாமல் வரிசையில் நின்றுகொண்டிருந்த கேட் சீட்டுகள். ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் 'ஜன்னல் 3' என்று இருந்தது. எல்லாம் சரியாக, ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல் இருந்தன.

நெட்டு சுற்றுமுற்றும் பார்த்தான். யாரும் இல்லை. சீட்டுகளை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

மறுநாள் புதுப் பெண் உட்கார்ந்தாள். தட்டினாள், வந்தது. அன்று முழுக்க வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. மேனேஜருக்கு நிம்மதி. "பாத்தியா நெட்டு, நீ விளையாட்டாத்தான் சொன்னே. ஆள மாத்தினோம், எல்லாம் சரியாயிடுச்சு! இதையெல்லாம் நம்பாம இருக்க முடியல போ."

நெட்டு தலையாட்டினான். தப்பைத் திருத்திய விதத்தில்தான் அவன் பெரிய தப்பைச் செய்திருந்தான். அக்கா நாற்காலியை விட்டுப் போன அன்றே யாருக்கும் தெரியாமல் சரி செய்ததால், அது அவள் கைதான் என்பதற்கு அவனே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். சொல்ல வாயெடுத்தான், அதற்குள் மேனேஜர் நகர்ந்துவிட்டார். அவர் நகரும்வரை வாயெடுக்காமல் காத்திருந்தான் என்பதுதான் நிஜம்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். கொட்டகைப் பக்கம் வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பினான். ஆனால் ஒரு ஸ்கேனர் கெட்டுப்போய் அவனே போக வேண்டி வந்தது. கொட்டகையின் பெரிய ஷட்டர் மூடியிருந்தது. பக்கத்துச் சுவரில் பச்சைப் பொத்தான். அமுக்கினால் ஷட்டர் ஏறும். அதற்கு நேராக அக்கா நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்றாள். பொத்தானைப் பார்த்தாள், அமுக்கவில்லை. பெட்டி தூக்கும் ஆள் ஒருவர் வந்ததும், "நீ அமுக்குப்பா. என் கை வேணாம், அப்புறம் பாதில நின்னுக்கும்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே அமுக்கினார். அவள் கையில் ஸ்கேனர் இல்லை. பக்கத்தில் நின்ற பெண் ஸ்கேன் செய்ய, அக்கா பெட்டியை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நெட்டுவுக்கு அழுகை வந்தது. ஒரு பெட்டிக்குப் பின்னால் குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல நின்றான்.

சாப்பாட்டு இடைவேளையில் அவளைத் தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். தெரு, வீடு, காவல்காரன், மாஸ்க் என்று எல்லாவற்றையும் சொன்னான். "தப்பு என்னுதுக்கா. பிரிண்டர்ல ஒரு நம்பரை மாத்தாம விட்டுட்டேன். உங்க கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லக்கா."

அக்கா முழுவதும் கேட்டாள். டப்பாவை மூடினாள்.

"விடு தம்பி. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே. நல்ல மனசு உனக்கு. ஆனா அந்தப் பொண்ணு உக்காந்த அன்னைக்கே வந்துடுச்சே. மெஷின் பொய் சொல்லுமா?"

"அன்னைக்கு நான்தான் சரி பண்ணேன்!"

"சரிப்பா, சரி" என்றாள், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற குரலில். எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டே கொட்டகைக்குப் போனாள்.

அன்றைக்கு வீட்டில் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். ஊசியில் நூல் கோத்தபடி அவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நெட்டு சார், தட்டுல கோலம் போடுறீங்க?"

சொன்னான். முதலில் மாஸ்க்கை மட்டும் சொன்னான். அவள் விடவில்லை, கைராசியையும் சொன்னான். கிழித்துப் போட்ட சீட்டுகளை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று பார்த்தான், அதுவும் வந்துவிட்டது. அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"கேலி பண்ணும்போது எத்தனை பேர் இருந்தாங்க?"

"எல்லாரும்தான்."

"மன்னிப்பு கேக்கும்போது?"

அவன் சோற்றைப் பிசைந்தான்.

"நாலு பேர் முன்னாடி சேத்தை அள்ளிப் பூசிட்டு, காதுக்குள்ள போய் கழுவி விடுறேன்னா யாருங்க நம்புவா? அவங்களே நம்பலையே. நானும் துணிய தப்பா வெட்டியிருக்கேன். துணிக்காரங்க முன்னாடிதான விரிச்சுக் காட்டுவேன்? கொல்லைல போய் புதைச்சா சரியாயிடுமா?"

"வேலை போயிடுச்சுன்னா?"

"அவங்களுக்குப் போயிடுச்சே" என்றாள். அவ்வளவுதான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நெட்டு இருட்டில் கொஞ்ச நேரம் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் லாரிகள் மும்முரமாக வரும் நேரத்துக்குச் சற்று முன் பிரிண்டரின் மாஸ்க்கைப் பழையபடி 255.255.255.0 ஆக்கினான். மூன்றாம் ஜன்னலின் மெஷினுக்குக் கையாலேயே பதினோராம் தெரு முகவரியை எழுதினான். கொட்டகைக்குப் போய், "அக்கா, ஒரே ஒரு நிமிஷம், வாசல்ல நின்னா போதும்" என்று கெஞ்சிக் கூட்டிவந்தான். அவள் பெட்டி தூக்குபவர்களுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள்.

புதுப் பெண் தட்டினாள், வரவில்லை. மறுபடி தட்டினாள். முகம் வெளுத்துவிட்டது. வெளியே முதல் ஹாரன் கேட்டது. மேனேஜர் ஓடிவந்தார்.

"என்னய்யா இது, திரும்பவுமா?"

"சார், நீங்க உக்காந்து பாருங்க."

மேனேஜர் உட்கார்ந்து தன் ரகசியச் சொல்லைத் தட்டினார். பொத்தானை அமுக்கினார். வரவில்லை. அழுத்தி அமுக்கினார். கோபத்தில் ஏழெட்டுத் தடவை அமுக்கினார். தாடிக்கார ஓட்டுநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இப்ப முதல் ஜன்னல்ல உக்காருங்க சார்."

அங்கே ஒரே அமுக்கு. சீட்டு வந்து விழுந்தது.

"சார் கை அங்க ராசி, இங்க மட்டும் ராசி இல்லையா?" என்றான் நெட்டு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் நெட்வொர்க்கைப் பெருசு பண்ணினப்போ இந்தப் பிரிண்டரை மறந்துட்டேன். அக்கா தினமும் மெஷினை ஒழுங்கா அணைச்சிட்டுப் போனாங்க. அதனால அவங்களுக்குத்தான் புது முகவரி வந்துச்சு. நாம யாரும் அணைக்கல, நமக்கு வரல. அவங்க போன அன்னைக்கு நான் திருட்டுத்தனமா சரி பண்ணிட்டேன். அவங்க அடிச்ச சீட்டெல்லாம் வந்துச்சு. அதைக் கிழிச்சுப் போட்டேன். இப்ப உங்களுக்குக் காட்டறதுக்காகத்தான் திரும்பக் கெடுத்து வச்சேன்."

தடுப்புக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்கப் பிரிண்டரின் எண்ணை மாற்றினான். அது அணைந்து எழுந்து, புதுப் பெண் அனுப்பிய இரண்டைத் துப்பிவிட்டு, மேனேஜர் ஏழெட்டுத் தடவை அமுக்கியதற்கெல்லாம் சேர்த்து ஒரே லாரிக்கு ஏழெட்டுச் சீட்டுகளை அடித்துத் தள்ளியது. வெளியே யாரோ, "ஒரு லாரிக்கு எத்தனை கேட்டுப்பா திறப்பீங்க?" என்று கத்த, அப்போதுதான் கூட்டம் சிரித்தது.

மேனேஜர் சிரிக்கவில்லை. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் என்ன தூக்குலயா போட்டிருப்பேன்?" என்றார். அதுதான் அவனை அடித்தது. உண்மையில் அவர் ஒன்றும் செய்திருக்க மாட்டார். பயப்பட ஒன்றுமே இல்லாத இடத்தில் பயந்து ஒருத்தியின் நாற்காலியைப் பிடுங்கியிருந்தான். மேலிடத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார், அவன் எழுதிக் கொடுத்தான்.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் அக்கா இல்லை. கொட்டகையில் போய்ப் பிடித்தான். ஷட்டருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"இப்பவாவது நம்புறீங்களாக்கா?"

"நம்புறேன் தம்பி" என்றாள். "டிரைவருங்க சொன்னா நான் கண்டுக்கவே மாட்டேன். அவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு சகுனம். நீ சொன்னதாலதான் நம்பினேன். மெஷினைப் பத்தித் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே? நீயே மெஷின்ல ஒண்ணும் இல்ல, உன் கைதான்னுட்டே. அப்புறம் நான் யாரைக் கேக்கிறது? வீட்டுல மிக்ஸிய போடக்கூட மகளைத்தான் கூப்பிடுறேன்."

நெட்டு குனிந்து அவள் காலைத் தொடப் போனான். "ஏய், ஏய், எழுந்திரு, முட்டி வலில நானே குனிய முடியாம நிக்கிறேன், நீ வேற" என்று அவனைத் தோளில் தட்டி எழுப்பினாள்.

அடுத்த வாரமே அக்காவை மூன்றாம் ஜன்னலுக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். புதுப் பெண்ணுக்குப் பின்கட்டில் வேறு இடம் கிடைத்தது. மெத்தை பையிலிருந்து வெளியே வந்தது, பூப்போட்ட துணியும் பழைய இடத்துக்கு வந்தது. தாடிக்கார ஓட்டுநர் முதல் ஆளாக அந்த ஜன்னலில் வந்து நின்றார், வெட்கத்தோடு. ஓட்டுநர்களின் கேலி இப்போது நெட்டுவின் பக்கம் திரும்பிவிட்டது. அவன் தூரத்தில் வந்தாலே, "ஐயையோ, வண்டிய தொட்டுடாதீங்க சார்" என்பார்கள். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்வதில்லை. நீளமான வாய் எங்கே போயிற்று என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மேனேஜர் அப்படித்தான் சொல்கிறார். ஆனால் நெட்டு ஒன்றைக் கவனித்தான். அக்கா விவரத்தைத் தட்டி முடிப்பாள். கடைசிப் பொத்தானுக்கு முன் கை ஒரு கணம் நிற்கும். உள்ளங்கையை உடுப்பில் நன்றாகத் துடைத்துக்கொள்வாள். பிறகுதான் அமுக்குவாள். அமுக்கிவிட்டுக் கழுத்தை நீட்டித் தடுப்பைப் பார்ப்பாள். அங்கிருந்து சந்து கண்ணுக்குத் தெரியாது. அந்த ஒரு நொடி அவள் முகத்தை நெட்டுவால் பார்க்க முடியவில்லை.

பிரிண்டரில் 255-ஐ 254 ஆக்க அவனுக்கு அரை நிமிடம் போதுமாக இருந்தது. இதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை. கடைசியில் தன் மேஜையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிரிண்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். சூடு, காகிதத் தூசி, ஓயாத சத்தம். "உனக்கென்னய்யா பைத்தியமா?" என்று மேனேஜர் கேட்டார். "இங்க இருந்தா வசதி சார்" என்றான்.

இன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, ஒவ்வொரு சீட்டுக்கும், அந்தக் குரல் வருகிறது.

"வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சுக்கா."